சுட்டியரின் சாறன்கோழிகள்

கோழிக்கு மாப்பிள்ளை கேட்டு வெற்றிலை வட்டாவோடு அடுத்த வீட்டு வளவுக்குப் போன மனிதர் இலங்கைத் தீவு முழுக்கத் தேடினாலும் ஒருவர்தான் அகப்படுவார். அவர் சுட்டியர். கேள்விப்பட்ட கதையை நான் சொல்லவில்லை. அந்த வெற்றிலைத் தட்டைத் தூக்கிக்கொண்டு அவருக்குப் பின்னால் நடந்தவன் நான்.

அந்த வருடம் எனக்கு மூன்று வேலைகள் போயிருந்தன. வாழைச்சேனைத் துறைமுகத்தில் ஐஸ் உடைத்தேன். படகுகள் கடலுக்குப் போகாத மாதம் வந்ததும் போகச் சொல்லிவிட்டார்கள். தேற்றாத்தீவில் ஒரு மேசனுக்குக் கல் சுமந்தேன்; வீடு முடிந்தது, வேலையும் முடிந்தது. மூன்றாவது வேலை நாலு நாள்தான், அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு இதெல்லாம் பருவமழை மாதிரி, வரும், போகும். வாவியைத் தாண்டி படுவான்கரைக்கு வந்து, பழுகாமத்தில் ஒரு நெல் மில்லில் மூட்டை தூக்கச் சேர்ந்தேன். படுக்க இடம் மில்லுக்குப் பின்னால் இருந்த சாக்கு அறை. கதவைத் திறந்தால் உள்ளே ஒரு மனிதரும் முப்பது கோழிகளும் இருந்தார்கள்.

"பார்த்து வா மனே," என்றார் அந்த மனிதர். "மிதிச்சிப் போடாத. எல்லாம் குடும்பகாரர்."

அவர் மில்லின் இயந்திரத்தை ஓட்டுகிறவர். சுட்டியர் என்பது அவருடைய சொந்தப் பெயரல்ல. நெற்றியில் வெள்ளை விழுந்த மாட்டைச் சுட்டி மாடு என்போம் அல்லவா? அதுபோல அவருக்கு வலது நெற்றிக்கு மேல் ஒரு கொத்து முடி பால் வெள்ளையாக இருந்தது. மற்றதெல்லாம் கரி. நாற்பதைத் தொடாத வயது, நரை என்று யாரும் சொல்ல முடியாது. சுண்ணாம்புத் தூரிகையை ஒருமுறை வைத்து எடுத்ததுபோல இருக்கும். அதை மறைக்க எப்போதும் தலையில் துவாய் கட்டியிருப்பார். அவர் நெல் மில் வேலையைப் பிடித்துக்கொண்டதற்குக்கூட அதுதான் காரணம் என்று நான் நினைத்ததுண்டு. தவிட்டுத் தூளில் அங்கே எல்லோருடைய தலையும் வெள்ளை.

அந்த வெள்ளைக் கொத்தின் கதையை அவரே ஒருநாள் சொன்னார், நேற்று மழை பெய்தது என்று சொல்வதுபோல. பிரச்சினை காலத்தில் சனம் ஊரை விட்டு ஓடியபோது யாரோ அவரை ஓர் அகதி முகாமில் இறக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மூன்று வயது இருக்கலாம். தேடி ஒருவரும் வரவில்லை. பிறகு ஒரு சிறுவர் இல்லத்தில் வளர்ந்தார்.

"முகாமில இருந்த சனம் சொன்னது, புள்ள எதையோ கண்ணால கண்டு பயந்திருக்கு, அதுதான் மயிர் வெளுத்திட்டு எண்டு," என்றார். "நான் என்னத்தக் கண்டன் எண்டு எனக்கு ஞாபகமில்ல. மயிருக்கு ஞாபகம் இருக்காக்கும்."

மட்டக்களப்பில் புதிதாக ஒருவன் வந்தால் பெயரை இரண்டாவதாகத்தான் கேட்பார்கள். முதற் கேள்வி, "என்ன குடி?" குடி என்பது தாய்வழி வருவது. தாய் எந்தக் குடியோ பிள்ளையும் அந்தக் குடி. மகள் அதைத் தன் பிள்ளைகளுக்குக் கொடுப்பாள். மகனோடு அது நின்றுவிடும். ஒரே குடிக்குள் கலியாணம் கட்டுவதில்லை. கட்டினால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். தாய் யாரென்று தெரியாத சுட்டியருக்கு அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. அதனால்தானோ என்னவோ, பழுகாமத்தில் என்னிடம் குடி கேட்காத ஒரே ஆள் அவர்தான்.

ஆனால் அவருடைய கோழிகள் ஒவ்வொன்றுக்கும் குடி இருந்தது.

இயந்திர அறையின் சுண்ணாம்புச் சுவர் முழுக்கக் கரிக்கட்டியால் எழுதி வைத்திருந்தார். கருங்காலிக் குடி, தவிட்டுக் குடி, மிளகாய்ப்பழக் குடி. தாய்க்குக் கீழே மகள், மகளுக்குக் கீழே பேத்தி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இறகின் நிறம். தகப்பன் பெயர் ஓரிடத்திலும் இல்லை. கேட்டேன்.

"சேவலுக்கு என்ன குடி? அவன் வாறவன், போறவன்," என்றார். "நிறமும் தாய் குடுக்கிறதுதான் மனே. நான் பார்த்த அளவில அப்பிடித்தான்."

ஒரே குடிச் சேவல் அந்தக் குடிப் பெட்டையின் பக்கம் போனால் இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஓடுவார். நெல்லோடு வரிசையில் நிற்கும் சனம் கத்தும். "ஒரு நிமிசம் பொறுங்க," என்பார் ஓடிக்கொண்டே, "இஞ்ச ஒரு குடும்ப மானம் போகப்போகுது!"

மில் முதலாளியை ஒருமையில் கூப்பிடாத குறைதான். கோழிகளுக்கோ பன்மைதான். "கொஞ்சம் எழும்புங்க, முட்டையப் பார்க்கோணும்," என்று அவர் ஓர் அடைக்கோழியிடம் கெஞ்சியதைக் கேட்டு ஒரு டிராக்டர்காரர் நெல்லை இறக்காமலே திரும்பிப் போனார்.

முதலாளியிடம் ஒரு வெள்ளைச் சேவல் இருந்தது. வேலி பாய்ந்து வந்து மிளகாய்ப்பழக் குடிப் பெட்டையோடு பழகிவிட்டது. அடை வைத்த இருபத்தோராம் நாள் குஞ்சுகள் வந்தன. ஒன்றுகூட வெள்ளை இல்லை. எல்லாம் சிவப்பும் கபிலமும்.

முதலாளிக்குக் கோபம். "எண்ட சேவல் பால் மாதிரி. அதுக்கு எப்பிடிடா சிவத்தக் குஞ்சு? உண்ட கோழி ஒழுக்கம் கெட்டது!"

சுட்டியர் எழுந்து நின்றார். "முதலாளி, என்னை ஏசுங்க. அவவை ஏசாதீங்க. வெள்ளை ஒரு நிறமில்ல. அது போர்வை. அந்தப் போர்வை ஒரு பக்கத்தால மட்டும் வந்தா குஞ்சைப் போர்த்தக் காணாது. உள்ளுக்க என்ன நிறம் உடுத்திருக்கு எண்டு உங்கட சேவலுக்கே தெரியாது."

முதலாளி தன் வெள்ளைச் சட்டையை ஒருமுறை குனிந்து பார்த்தார். பிறகு வேலியை அடைக்கப் போனார்.

இப்படிப்பட்டவரின் செல்வக் குடி, சாறன் குடி. மூன்று பெட்டைகள், அக்கா தங்கைகள். ஒவ்வோர் இறகிலும் கறுப்பும் வெள்ளையும் மாறி மாறிக் குறுக்குவரி. காத்தான்குடிக் கடைகளில் தொங்கும், ஆண்கள் இடுப்பில் கட்டும் கைத்தறிச் சாறனை மடித்துப் போர்த்தினாற்போல இருக்கும். மூத்ததற்குச் சாறன்காரி என்று பெயர். அவர்களுக்கு ஏற்ற மாப்பிள்ளை எங்கள் வளவில் இல்லை. இருந்த சேவல் எல்லாம் சொந்தம்.

அடுத்த வளவில் மல்லிகாக்கா இருந்தாள். புருஷன் டிராக்டர் புரண்டு இறந்து இரண்டு வருடம். பதினொரு வயதில் ஒரு மகள். இடியப்பம் அவித்து விற்றுக்கொண்டிருந்தவளுக்கு, கொதித்த தண்ணீர் கொட்டி வலது கையின் பலம் பாதியாகிப் போனது. முட்டை விற்றுப் பிழைக்கலாம் என்று சந்தையில் இரண்டு தடவை குஞ்சு வாங்கினாள். பெட்டை என்று சொல்லிக் கொடுத்தது எல்லாம் சேவலாக வளர்ந்தது. அதில் மிஞ்சியது ஒரே ஒரு செந்நிறச் சேவல். சுட்டியர் கண் வைத்தது அதன் மேல்தான்.

அப்படித்தான் ஒரு பின்னேரம் நான் வட்டாவைத் தூக்கினேன். சுட்டியர் சலவைச் சட்டை போட்டிருந்தார்.

வெற்றிலையைப் பார்த்ததும் மல்லிகாக்கா ஒரு அடி பின்னால் போனாள். "என்ன அண்ணன் இது? ஊர் என்ன கதைக்கும்?"

"தங்கச்சி, பிழையா விளங்காத. உண்ட சேவலைக் கேட்டு வந்திருக்கன். எண்ட மூண்டு பெட்டைக்கும்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் வெற்றிலையைப் பார்த்தேன். பிறகு அவள் சிரித்த சிரிப்பில் அடுப்படியில் ஏதோ உருண்டது. "கொண்டு போங்க அண்ணன். தீனாவது மிஞ்சும். நானும் போகப்போறன்தானே."

"எங்க?"

"குவைத்துக்கு. வீட்டு வேலைக்கு. ஏஜென்சிக்காரர் மூண்டாம் தரமும் கதைச்சிட்டார். இஞ்ச முட்ட வந்திருந்தா நான் ஏன் போறன்? மகளத் தங்கச்சி வீட்ட விடோணும். ரெண்டு வருசம். மறுகா ரெண்டு வருசம் கூடும். எல்லாருக்கும் அப்பிடித்தானே நடக்குது."

சுட்டியர் வட்டாவை என்னிடமிருந்து வாங்கி அவள் முன்னால் வைத்தார். பிறகு, "மாப்பிள்ளை எடுத்தா சீதனம் குடுக்கோணும்," என்றார். "இந்தக் கலியாணத்தில பிறக்கிற பெட்டைக் குஞ்சு எல்லாம் உனக்கு. பொரிச்ச அண்டைக்கே பிரிச்சித் தருவன். ஏஜென்சிக்கு ஆறு மாசம் பொறுக்கச் சொல்லு."

"பொரிச்ச அண்டைக்கா? ஆராலும் அது ஏலாதே அண்ணன்."

"எனக்கு ஏலும்," என்றார் சுட்டியர்.

செந்நிறச் சேவல் மாப்பிள்ளையாகப் பெண் வீட்டுக்கு வந்தது. சுட்டியர் பஞ்சாங்கம் பார்த்திருந்தார். ராகுகாலத்தில் கூட்டை விட்டு இறங்க முயன்ற மாப்பிள்ளையின் காலைப் பிடித்து உள்ளே இழுத்தவன் நான்.

மூன்று அடையில் முப்பத்து மூன்று குஞ்சுகள். எல்லாம் கறுப்பு. ஆனால் சரியாகப் பதினேழு குஞ்சுகளின் உச்சந்தலையில் மட்டும் ஒரு வெள்ளைப் புள்ளி, விரல் நுனியில் சுண்ணாம்பு தொட்டு வைத்த மாதிரி. சுட்டியர் துள்ளினார்.

"கண்டயா மனே! சாறன்காரியும் குஞ்சில இப்பிடித்தான் புள்ளியோட இருந்தவ. தாயிட நிறம் தாயிட குடிக்குத்தானே போகோணும்? புள்ளி வச்சதெல்லாம் பெட்டை. இதுகளுக்குத்தான் சாறன் வரி வரும். புள்ளி இல்லாததெல்லாம் தகப்பனப் போல, சேவல்."

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. மட்டக்களப்பில் வளர்ந்த எவனுக்கும் அப்படித்தான் பட்டிருக்கும். புள்ளி வைத்த பதினேழையும் மல்லிகாக்காவிடம் கொடுத்தோம். புள்ளி இல்லாத பதினாறும் காத்தான்குடிக்குப் போயின. முஸ்லிம்களின் ஊர், அங்கே காக்கா என்றால் அண்ணன். ஒரு கோழிக்கடைக் காக்கா சேவல் குஞ்சுகளை வாங்கி, கடைக்குப் பின்னால் வளர்த்து, கலியாண வீடுகளுக்குக் கொடுப்பார்.

புள்ளிக் குஞ்சுகளுக்குச் சொன்னபடியே சாறன் வரி வந்தது. சுட்டியர் மாதம் முழுக்க நிலத்தில் கால் படாமல் நடந்தார். பிறகு மல்லிகாக்கா வேலியோரம் வரத் தொடங்கினாள்.

"அண்ணன், கொண்டை பெருசா வருது."

"தாயிட கொண்டையும் பெருசுதான்."

"வால் வளைஞ்சி தொங்குது."

"நல்ல தீன் போடுறாய் போல."

"இண்டைக்குக் காலத்தால ஒண்டு கூவினது."

"சில பெட்டை கூவும் தங்கச்சி. அது ஒரு குரல் வளம்."

"தாய் கூவுவாவா அண்ணன்?"

சுட்டியர் துவாயை இறுக்கிக் கட்டிக்கொண்டு இயந்திரத்துக்கு எண்ணெய் விடப் போனார். ஏற்கனவே விட்டிருந்த எண்ணெய்தான்.

ஐந்தாம் மாதம் ஒரு புதன்கிழமை. காலை மில் சங்கு ஊதியது. சங்கு ஓய்ந்ததும் அடுத்த வளவிலிருந்து பதினேழும் ஒரே நேரத்தில் பதில் கொடுத்தன. வரிசையில் நின்ற சனம் திரும்பிப் பார்த்தது. யாரோ சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் மல்லிகாக்கா வந்தாள். கையில் பாஸ்போர்ட் இருந்தது. அவள் சண்டை பிடிக்க வரவில்லை. அதுதான் பெரிய கரைச்சல்.

"அண்ணன், நீங்க ஒண்டும் வேணுமெண்டு செய்யல்ல. எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை கொழும்புக்கு மெடிக்கலுக்குப் போறன். மகளுக்கு இன்னும் சொல்லல்ல."

சுட்டியர் இயந்திர அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். மில் நின்றது.

முதலாளி கதவைத் தட்டினார். "டேய் சுட்டி, எட்டு வண்டில் நெல்லு கிடக்குடா!" உள்ளே கரி சுவரில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. முதலாளி என்னைப் பார்த்தார். "நீ ஓட்டுவியாடா?" நான் மூட்டை மட்டும்தான் தூக்குவேன் என்றேன்.

மத்தியானம் கதவு திறந்தது. முகம், கை, துவாய் எல்லாம் கரி. கண் மட்டும் வெளிச்சம்.

"தம்பி, பதினேழும் சேவல். ஒண்டு தப்பாமப் பதினேழும்."

"ஓம் அண்ணன். ஊருக்கே கேட்டதுதானே."

"உனக்கு விளங்கல்ல. பாதி பிழைச்சிருந்தா நான் மடையன். முழுசும் பிழைச்சிட்டுது. அப்பிடியெண்டா அது பிழையில்ல. சட்டம் இருக்கு, நான்தான் தலைகீழாப் பிடிச்சிட்டன்." சுவரைக் காட்டினார். "பெட்டை தன்ட வரிய மகளுக்குக் குடுக்கல்ல. மகனுக்குத்தான் குடுக்கிறா. மகளுக்கு வாறது தகப்பன்ட்ட இருந்து. கோழிக்கு நம்மட குடி முறை இல்ல மனே!"

அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். இத்தனை வருடம் சுவர் முழுக்க எழுதிய குடும்ப வரலாறு ஒரு காலையில் விழுந்துவிட்டது. ஆனால் அவர் அதில் நிற்கவில்லை. என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"புள்ளி வச்ச பதினேழும் சேவல் எண்டா, புள்ளி இல்லாத பதினாறும்?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. பதினாறு பெட்டைகளும் காத்தான்குடியில், கத்திக்குப் பக்கத்தில், சேவல் என்ற பெயரில் நின்றுகொண்டிருந்தன.

மல்லிகாக்காவிடம், "சேவல்களைத் தா, கேள்வி கேட்காத," என்றார். அவள் தந்தாள். கேட்கத் தெம்பில்லை. பதினேழையும் இரண்டு பெரிய கூடைகளில் அடைத்து, மேலே பழைய மீன் வலையைக் கட்டி, களுவாஞ்சிக்குடிக்கு வந்து மட்டக்களப்பு பஸ்ஸில் ஏற்றினோம்.

"இது பஸ்ஸா, கோழிக்கூடா?" என்றார் கண்டக்டர்.

"டிக்கட் எடுக்கிறன்," என்றார் சுட்டியர். "ஆனா அரை டிக்கட். இவங்களுக்கு இன்னும் அஞ்சி மாசம்தான் வயசு."

பஸ் ஹோர்ன் அடிக்கும்போதெல்லாம் பதினேழும் கூவின. டிரைவர் கோபத்தில் இன்னும் பலமாக அடித்தார். அவையும் விடவில்லை. தேற்றாத்தீவில் ஏறிய ஒரு அம்மா கூடையை எட்டிப் பார்த்து, "ஏன் மனே, எல்லாம் ஒரே தாய்ப் புள்ளையளா?" என்று கேட்டதுதான் தாமதம், சுட்டியர் தாய், மகன், தகப்பன், மகள் என்று தன் புதுச் சட்டத்தை ஆரையம்பதி வரைக்கும் விளக்கினார். அந்த அம்மா இறங்கும்போது சொன்னாள்: "எண்ட மூத்தவனும் என்னைப் போலதான். ஒண்டுக்கும் உதவமாட்டான்."

கோழிக்கடைக் காக்கா கதிரையில் உட்கார்ந்திருந்தார். உள்ளங்கையில் ஒரு முட்டை. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க தம்பி," என்றார் தலை நிமிராமல். "ஒங்களத்தான் நினைச்சிட்டிரிக்கன். நீங்க தந்த சேவல் ஒண்டு இண்டைக்கி முட்ட போட்டிரிக்கி."

"காக்கா…"

"பொறுங்க. அஞ்சி மாசமா ஒண்டும் கூவல்ல. நானும் அடக்கமான புள்ளையள் எண்டு இரிந்தன். இருபது வருசமா கோழி விக்கிறன் தம்பி. இண்டைக்கி எனக்கு எண்ட கண்ணையே நம்ப ஏலாமப் போச்சி."

"எத்தனை மிச்சம் இருக்கு?"

"அஞ்சி ஒரு கலியாணத்துக்குப் போயிட்டு. பதினொண்டு இரிக்கி. நாளைக்கி இன்னொரு கலியாணம்."

கடைக்குப் பின்னால் ஓடினோம். பதினொரு கரும் பெட்டைகள். கழுத்தில் மட்டும் செம்பை உருக்கித் தெளித்தாற்போலச் சிவப்பு, தகப்பனிடமிருந்து வந்தது. சுட்டியர் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முட்டையிடத் தொடங்கும் பெட்டையை எந்தக் கடைக்காரரும் சேவலுக்கு மாற்றமாட்டார் என்பது எங்களுக்குத் தெரியும். காக்காவுக்கும் தெரியும்.

சுட்டியருக்குப் பேரம் பேசத் தெரியாது. மல்லிகாக்காவின் கதையை அப்படியே சொன்னார். கையைச் சொன்னார், இடியப்பத்தைச் சொன்னார், வெள்ளிக்கிழமையைச் சொன்னார். கடைசியில், "நான்தான் காக்கா மாத்திக் குடுத்தன். தாயோட இருக்கிற ஒரு புள்ளைய நான் பிரிச்சிப் போட்டன் எண்டு இருக்கப்போகுது," என்றார்.

காக்கா முட்டையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"நான் பதினொரு வருசம் சவூதில இரிந்தன்," என்றார். "திரும்பி வந்து வாசல்ல நிக்கிறன். எண்ட மகள் உள்ளுக்குப் பார்த்துச் சொல்றா, 'உம்மா, ஆரோ ஒரு மாமா வந்திரிக்காரு' எண்டு." எங்கள் கூடைகளைக் காட்டினார். "அந்தக் கூடைய அவிழுங்க. பதினேழும் உண்மையான சேவல்தானே? கூவச் சொல்லுங்க பார்ப்பம். இனி நான் கேக்காம வாங்கமாட்டன்."

கேட்க வேண்டியிருக்கவில்லை.

பதினேழு சேவலுக்குப் பதினொரு பெட்டை. புறப்படும்போது அந்த முட்டையையும் பேப்பரில் சுற்றிச் சுட்டியரின் கையில் வைத்தார். "இதையும் அந்தப் புள்ளைட்டக் குடுங்க. சாட்சி வேணுமே."

திரும்பி வரும் வழி முழுக்கச் சுட்டியர் ஆசனம் இருந்தும் உட்காரவில்லை. பஸ் குலுங்கினால் முட்டை உடையும் என்று நின்றுகொண்டே வந்தார். குழி வந்தபோதெல்லாம் முழங்காலை மடித்தார். பக்கத்தில் நின்றவர் இவருக்கு முழங்காலில் ஏதோ வருத்தம் என்று நினைத்துத் தைலம் எடுத்துக் கொடுத்தார்.

மல்லிகாக்கா பெட்டைகளைப் பார்த்தாள். முட்டையைப் பார்த்தாள். "இது எந்தச் சேவல் போட்டது அண்ணன்?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று நான் பார்க்கவில்லை, கூடையைப் பிடிப்பதில் இருந்தேன். அந்த முட்டையை அவித்து நாலாக வெட்டினாள். எனக்கும் ஒரு துண்டு வந்தது. அதற்கு முன்னும் பின்னும் நான் அவ்வளவு சின்ன விருந்து சாப்பிட்டதில்லை.

வெள்ளிக்கிழமை அவள் கொழும்புக்குப் போகவில்லை. "ஏஜென்சிக்காரருக்குச் சொல்லிட்டன்," என்றாள் வேலிக்கு மேலால். "முட்ட வந்திட்டு எண்டு."

"என்ன சொன்னார்?"

"விளங்கல்லயாம்."

அடுத்த அடையில் சுட்டியர் புள்ளி இல்லாத குஞ்சுகளைப் பிரித்துக் கொடுத்தார். ஒன்று தப்பாமல் எல்லாம் பெட்டை. பிறகு மல்லிகாக்காவே பிரிக்கப் பழகிவிட்டாள். பொரித்த அன்றைக்கே பெட்டை இது, சேவல் இது என்று கைமேல் சொல்லிக் கொடுக்கும் வளவு என்று படுவான்கரை முழுக்கப் பேர் வந்துவிட்டது.

சுட்டியர் சுவருக்கு வெள்ளையடித்தார். புதிதாக எழுதத் தொடங்கினார். இந்தமுறை தாய்க்குப் பக்கத்தில் தகப்பனுக்கும் இடம் இருந்தது. கரி எடுத்துக் கொடுக்க நான் பக்கத்தில் நின்றேன். தாயிலிருந்து மகனுக்கு ஒரு கோடு இழுத்தவர், அப்படியே நின்றுவிட்டார். கீழே குனிந்து ஒரு குஞ்சைக் கையில் எடுத்தார். தலையில் புள்ளி வைத்தது, அன்று காலை பொரித்தது.

"தம்பி," என்றார். "புள்ளி வச்சவன் எல்லாரும் ஆம்பிளை."

"ஓம் அண்ணன்."

"எல்லாருக்கும் தாய்தான் வச்சி விட்டிருக்கா."

"ஓம்."

"முட்டைக்குள்ளேயே வச்சிட்டா. வெளிய வந்து எதையும் பார்க்கிறதுக்கு முதல்." குஞ்சின் தலையைப் பெருவிரலால் தடவினார். "இதில ஒருத்தனும் பயந்து வெளுத்தவன் இல்ல மனே."

பிறகு தலையில் இருந்த துவாயை அவிழ்த்து, கரிக்கையைத் துடைத்து, தோளில் போட்டுக்கொண்டார். நான் பழுகாமத்தில் இருந்த மற்ற நாட்களில் அதை அவர் தலையில் கட்டி நான் பார்க்கவில்லை.

மனிதனும் கோழியும் இந்த விஷயத்தில் ஒன்றுதானா என்று எனக்குத் தெரியாது. படித்தவர்கள் வேறுவிதமாகச் சொல்லக்கூடும். நான் ஒருவரிடமும் கேட்கவில்லை, கேட்கப் போவதுமில்லை.

அடுத்த போகம் முடிய மில்லில் வேலை குறைந்தது. எனக்கும் கால் அரிக்கத் தொடங்கிவிட்டது. புறப்பட்ட அன்று சுட்டியர் எனக்கு ஒரு சேவல் தந்தார், கழுவன்கேணியில் சமைத்துச் சாப்பிட்டேன். அதன் பிறகு நாலு ஊரில் ஐந்து வேலை பார்த்துவிட்டேன். பஸ்ஸிலும் சந்தையிலும் ஆஸ்பத்திரி வரிசையிலும் வயதான பெண்கள் யாராவது முக்காட்டைச் சரிசெய்தால், வலது நெற்றிக்கு மேலே ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் நகர்கிறேன்.